மேலே பார்த்தால் தலைசுற்றலா, கையைத் தூக்கினால் தலைசுற்றலா? இடது சப்கிளேவியன் தமனி அடைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் வரும் நோயாளி ஒரே ஆள் அல்ல. இதே மாதிரி அடைப்போடு ஸ்கேன் அறைக்கு வருகிறவர்களை ஒருவராகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். எண்களும் அப்படிப்பட்ட ஒருவரிடம் வழக்கமாகக் கிடைக்கக்கூடியவைதான்.

வயது 61. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், இடக்கைப் பழக்கம். முப்பது வருடத்துக்கு மேல் புகைபிடித்தவர். கொழுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. எட்டு மாதமாகத் தலைசுற்றல். மேல்தளத்துக்கு ரோலர் போடும்போது பத்துப் பதினைந்து இழுப்புக்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். கீழே இறங்கி உட்கார்ந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

"எப்போது வருகிறது?" என்று யார் கேட்டாலும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "மேலே பார்த்து வேலை செய்தால் வருகிறது, டாக்டர்."

அந்த வாக்கியத்திலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். கழுத்து எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் தெரிந்தது. 61 வயதில் யாருக்குத்தான் தெரியாது? கழுத்துப் பட்டை போட்டுப் பார்த்தார்கள், தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்கள், உள்காது சமநிலையைச் சோதித்து அதில் குறையில்லை என்றார்கள். கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேனும் ஒரு முறை எடுத்தாகிவிட்டது. "இரு பக்கக் கரோட்டிட் தமனிகளிலும் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை, வெர்டிப்ரல் தமனிகளில் ரத்த ஓட்டம் உள்ளது" என்று அறிக்கை. கரோட்டிட் கழுத்தின் முன்பக்கமாகவும், வெர்டிப்ரல் பின்பக்கமாகவும் மூளைக்கு ஏறும் குழாய்கள். பொய்யில்லை. ஓட்டம் இருந்தது. எந்தப் பக்கமாக ஓடியது என்பதைத்தான் எழுதவில்லை.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையையும் தொங்கவிட்டபடி ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. "சரி, கீழே குனிந்து கதவுக்கு உப்புத்தாள் தேய்க்கும்போது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போதும் வரும் டாக்டர். ஆனால் அதற்கு முன்னால் கை ஓய்ந்துவிடும். கொஞ்ச நேரம் உதறிவிட்டுத் திரும்பத் தேய்ப்பேன்."

பார்வை எங்கே இருந்தாலும், உழைப்பது இடது கையாக இருந்தால் தலை சுற்றுகிறது. கழுத்தைக் குற்றம் சொன்ன எட்டு மாதமும் இந்த ஒரு பதிலில் கரைந்துபோனது.

இரண்டு கை, இரண்டு பிரஷர்

இடது மணிக்கட்டு நாடி மெலிவாக இருந்தது. வலது நாடியையும் இடது நாடியையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தால் இடது ஒரு கணம் பிந்தி வந்தது. இடது காறை எலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் "உஸ்" என்று ஒரு இரைச்சல்.

ரத்த அழுத்தம் இடது கையில் 118/76, வலது கையில் 152/88. மேல் அளவில் 34 வித்தியாசம்.

இரண்டு கைக்கும் ஐந்து, பத்து என்று வித்தியாசம் இருப்பது சகஜம். 15 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் ரத்தக் குழாய் நோயைத் தேட வேண்டும். 2012-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வுக்குப் பிறகு இந்த எண் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. இவருடைய பழைய சீட்டுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் 116, 120, 118 என்றே இருந்தது. மருத்துவரின் மேசைக்கு எந்தக் கை பக்கத்தில் இருக்கிறதோ அதில்தான் பட்டையைக் கட்டுவார்கள். இவருக்கு அது எப்போதும் இடது கை. அடைபட்ட குழாயில் அளந்த அழுத்தத்தை உடம்பின் அழுத்தம் என்று நம்பிவிட்டார்கள். உண்மையில் இவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. தலைசுற்றலைவிட இதுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது.

ஒரு எச்சரிக்கை இங்கே வேண்டும். நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பது போன்ற வலி வந்தவருக்கு இரண்டு கை அழுத்தமும் மாறுபட்டால் அது வேறு கதை. பெருந்தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது நிதானமான கழுத்து ஸ்கேன் அல்ல, அவசர சி.டி. அதே போல, கைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு சப்கிளேவியன் தமனிகளும் அடைபட்டிருந்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டு கையும் ஒன்றுபோலக் குறைத்துக் காட்டும். சந்தேகம் இருந்தால் காலிலும் அளந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ரத்தம் ஏன் திரும்புகிறது

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலேறி, வளைந்து, கீழே இறங்குகிறது. அந்த வளைவின் முதுகிலிருந்து வழக்கமாக மூன்று கிளைகள். முதலாவது பிரேக்கியோசெபாலிக், அது வலது கரோட்டிட்டாகவும் வலது சப்கிளேவியனாகவும் பிரிகிறது. இரண்டாவது இடது கரோட்டிட். மூன்றாவது இடது சப்கிளேவியன், அதாவது இடது கைக்குப் போகும் குழாய். கைக்குப் போகும் வழியிலேயே ஒவ்வொரு சப்கிளேவியனும் ஒரு வெர்டிப்ரல் தமனியை மேலே அனுப்புகிறது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறும் அந்த இரண்டும் மண்டைக்குள் சேர்ந்து பேசிலர் தமனியாகி, மூளைத் தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் தருகின்றன.

இப்போது இடது சப்கிளேவியனின் தொடக்கத்தில், வெர்டிப்ரல் கிளை பிரிவதற்கு முன்னால், அடைப்பு வந்தால்? அடைப்புக்கு அப்பால் அழுத்தம் இறங்கிவிடும். ரத்தத்துக்குத் தெரிந்தது மேடும் பள்ளமும்தான். வலது வெர்டிப்ரல் வழியாக மேலே ஏறிய ரத்தத்தில் ஒரு பகுதி, மண்டைக்குள் சந்திக்கும் இடத்தில் திரும்பி, இடது வெர்டிப்ரல் வழியே கீழே இறங்கிக் கையைப் போய்ச் சேரும். கை உழைக்கும்போது தசைகளின் சிறு குழாய்கள் விரிந்து பள்ளம் இன்னும் ஆழமாகும். மூளைக்கான பங்கு இன்னும் குறையும்.

இத்தாலியின் கோன்டோர்னி 1960-ல் இந்தத் திரும்பிய ஓட்டத்தைப் படமெடுத்துக் காட்டினார். 1961-ல் ரைவிச்சும் உடனிருந்தோரும் அதை மூளை சார்ந்த அறிகுறிகளோடு இணைத்தார்கள். அதே ஆண்டு மில்லர் ஃபிஷர் அதற்கு 'சப்கிளேவியன் ஸ்டீல்', அதாவது சப்கிளேவியன் திருட்டு, என்று பெயர் வைத்தார். நல்ல பெயர்தான், ஆனால் அறிக்கையில் 'திருட்டு' என்று படித்த நோயாளிகள் நடுங்கிப்போய் வருகிறார்கள். ஓட்டம் திரும்பியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. மூளைக்குப் போகும் மற்ற மூன்று குழாய்களும் ஈடுகட்டிவிடுகின்றன. வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தென்படுவதே அதிகம்.

வலதைவிட இடது சப்கிளேவியனே பல மடங்கு அதிகமாக அடைபடுகிறது.

ஸ்கேன் அறையில்

அல்ட்ராசவுண்டைப் பற்றி வெளியே சொல்லப்படாத ஒரு சங்கடம் உண்டு. பெருந்தமனி வளைவு அதற்குச் சரியாகத் தெரியாது. முன்னால் மார்பெலும்பு, பக்கத்தில் காற்று நிறைந்த நுரையீரல். எலும்பு ஒலியை உறிஞ்சிவிடும், காற்று திருப்பி அடித்துவிடும். அதனால் வளைவை ஒட்டிய அடைப்பை நாம் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதில்லை. அதற்கு அப்பால் ரத்தம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் பிடிக்கிறோம். அணையைப் பார்க்காமலே, கீழே வாய்க்காலில் வரும் தண்ணீரை வைத்து மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது போல.

கரோட்டிட்டில் ஆரம்பித்தேன். இரு பக்கமும் சிறு கொழுப்புத் திட்டுகள். உள் கரோட்டிட்டில் உச்ச வேகம் வலதில் விநாடிக்கு 88 செ.மீ., இடதில் 92. விநாடிக்கு 125-க்குக் கீழே என்றால் அடைப்பு பாதிக்கும் குறைவு. இரண்டு பொதுக் கரோட்டிட்டிலும் அலைகள் செங்குத்தாக ஏறி, கூர்மையாக இருந்தன. பழைய அறிக்கை சொன்னதும் இதுதான்.

வலது வெர்டிப்ரலில் ஓட்டம் மேல்நோக்கி, உச்சம் 84 செ.மீ. சாதாரணமாக எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிகம். குழாயில் குறுக்கமில்லாமல் வேகம் கூடியிருந்தால், அது யாருக்கோ சேர்த்து வேலை செய்கிறது.

இடது வெர்டிப்ரலுக்கு வந்தபோது திரை சிமிட்டியது. ஓட்டத்தின் திசையைக் காட்டும் நிறம் ஒவ்வொரு துடிப்பிலும் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாறியது. முதல் ஸ்கேன் எடுத்தவர் இதைக் குழாயின் வளைவு என்று நினைத்திருக்கலாம். வளைந்த குழாயிலும் நிறம் மாறும், ஆனால் அது இடத்துக்கு இடம் மாறும். இங்கே ஒரே இடத்தில் நேரத்துக்கு நேரம் மாறியது. ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் அலையாக வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரல் டாப்ளரை வைத்ததும் சந்தேகம் தீர்ந்தது. இதயம் சுருங்கும்போது அலை அடிக்கோட்டுக்குக் கீழே, அதாவது ஓட்டம் கையை நோக்கி; விரியும்போது கோட்டுக்கு மேலே, அதாவது மூளையை நோக்கி. இரு திசை ஓட்டம். பாதித் திருட்டு.

இந்தத் திருட்டுக்குப் படிகள் உண்டு. தொடக்கத்தில் ஓட்டம் மேல்நோக்கியே இருக்கும், ஆனால் சுருக்கத்தின் நடுவில் அலை திடீரென்று ஒரு பள்ளம் விழுந்து பிறகு எழும்பும். பக்கவாட்டில் பார்த்த முயல் பொம்மை மாதிரி இருப்பதால் முயல் அலை என்றே சொல்வார்கள். பள்ளம் ஆழமாகி அடிக்கோட்டைத் தாண்டினால் இரு திசை. முழுவதும் கீழே போனால் முழுத் திருட்டு. முதல் படியைத் தவறவிடுவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் கலர் படத்தில் அது முழுக்கச் சரியாகத்தான் தெரியும்.

இரண்டு பொறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, இயந்திரத்தில் நிறத்தைத் தலைகீழாக்கும் பொத்தான். முந்தைய நோயாளிக்கு அதை அழுத்திவிட்டு மறந்திருந்தால் எல்லாக் குழாயும் திரும்பி ஓடுவது போலத் தோன்றும். அதனால் நான் எப்போதும் ப்ரோபை (கழுத்தில் வைக்கும் ஸ்கேன் கருவியை) அசைக்காமல் கரோட்டிட்டையும் வெர்டிப்ரலையும் அடுத்தடுத்துப் பார்ப்பேன்; இரண்டும் ஒரே நிறமா, எதிர் நிறமா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, வெர்டிப்ரல் சிரை. தமனியோடு ஒட்டியே ஓடும். அதன் ஓட்டம் இயல்பாகவே கீழ்நோக்கி. அதைத் தமனி என்று நினைத்து, இல்லாத திருட்டை எழுதியவர்கள் உண்டு. மூச்சோடு ஏறி இறங்குகிறதா, துடிப்போடு குத்தி எழுகிறதா என்று ஸ்பெக்ட்ரலில் பார்த்தால் விஷயம் முடிந்தது.

பிறகு கைக்கு வந்தேன். ஆரோக்கியமான கைத் தமனியில் ஓய்வில் மூன்று கட்ட அலை: செங்குத்தான ஏற்றம், ஒரு சிறு பின்னோட்டம், மறுபடி ஒரு சிறு முன்னோட்டம். இவருடைய வலது கையில் அப்படியே இருந்தது. இடது கையில் ஒரே ஒரு கட்டம். மெதுவாக ஏறி, உருண்டு, மெதுவாக இறங்கும் மழுங்கிய மேடு. அடைப்பு மேலே எங்கேயோ இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து வேண்டாம்.

மேலே எங்கே? கழுத்துக்கு வைக்கும் நேர்கோட்டு ப்ரோபால் சப்கிளேவியனின் வாயை எட்ட முடியாது. இதயத்துக்கு வைக்கும் சிறு ப்ரோபை, மார்பெலும்புக்கு மேலே உள்ள குழியில் வைத்து, கீழும் இடப்பக்கமும் சாய்த்தேன். ஆறு செ.மீ. ஆழத்தில் இடது சப்கிளேவியன் கிளம்பும் இடத்தில் கலர் சிதறி, பல நிறச் சில்லுகளாகத் தெரிந்தது. நுரையீரல் உறை ஒரு கண்ணாடி போல ஒலியைத் திருப்பி, குழாய்க்குக் கீழே இன்னொரு போலிக் குழாயைக் காட்டும். அந்த நிழலில் அளந்துவிடக் கூடாது. உண்மையான குழாயில் உச்ச வேகம் விநாடிக்கு 310 செ.மீ.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். வேகத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, நான்கால் பெருக்கினால் அடைப்பின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு தோராயமாகக் கிடைக்கும். 3.1-ன் வர்க்கம் 9.61, நான்கு மடங்கு ஏறக்குறைய 38. பிரஷர் பட்டை காட்டிய வித்தியாசம் 34. இரண்டும் அச்சாகப் பொருந்த வேண்டிய அவசியமில்லை: ஒன்று கணநேர உச்சம், மற்றது இரண்டு உச்சங்களின் இடைவெளி. என்றாலும் இரண்டு வெவ்வேறு கருவிகள் ஒரே ஊரைச் சுட்டும்போது மனம் அமைதியாகிறது. ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தில் மட்டும் கவனம் வேண்டும். 60 டிகிரியாக இருக்க வேண்டிய கோணத்தை 65 என்று வைத்துவிட்டால், அந்த ஐந்து டிகிரிப் பிசகிலேயே வேகம் 18 சதவீதம் கூடிக் காட்டும்.

பட்டைச் சோதனை

இரு திசை ஓட்டம்தான் அவருடைய தலைசுற்றலுக்குக் காரணமா? அதைக் காட்ட ஒரு எளிய வழி இருக்கிறது. இடது மேற்கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, அவருடைய மேல் அழுத்தத்துக்கு 30 கூடுதலாக ஊதி, நான்கு நிமிடம் வைத்தோம். ப்ரோப் இடது வெர்டிப்ரல் மேலேயே இருந்தது.

பட்டை இறுகியிருந்த நேரத்தில் அலை தேறியது. கை ரத்தம் கேட்பதை நிறுத்தியதும் மேல்நோக்கிய பகுதி பெரிதானது. பிறகு பட்டையைச் சட்டென்று தளர்த்தினோம். ரத்தத்துக்கு ஏங்கியிருந்த கை மொத்தமாக இழுத்தது. மூன்றாவது துடிப்பிலேயே அலை முழுவதும் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. "இதுதான் டாக்டர், இதேதான்" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. ஒரு நிமிடத்துக்குள் அலை பழைய இரு திசைக்கு வந்தது, தலையும் தெளிந்தது.

எண்ணும் படமும் ஒரு பக்கம் இருக்கட்டும், நோயாளி தன் தொந்தரவை அடையாளம் கண்டுகொள்ளும் அந்தக் கணத்துக்கு ஈடு இல்லை. கை நரம்புக்கோ தோலுக்கோ பிரச்சினை உள்ளவர்களுக்கும், டயாலிசிஸ் இணைப்பு உள்ள கையிலும் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

வேறு எங்கே அடைப்பு இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்

கீழே வரும் அலைகளை வைத்தே மேலே எந்தக் கிளை என்று பிரித்துவிடலாம். இந்த ஸ்கேனில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். இடது வெர்டிப்ரல் திரும்பி, இடது கரோட்டிட் கூர்மையாகவே இருந்தால் இடது சப்கிளேவியன் மட்டும். வலது வெர்டிப்ரல் திரும்பி, கூடவே வலது கரோட்டிட்டும் மழுங்கியிருந்தால் இரண்டுக்கும் பொதுவான பிரேக்கியோசெபாலிக்தான் அடைபட்டிருக்கிறது. வலது கரோட்டிட் நன்றாக இருந்து வெர்டிப்ரல் மட்டும் திரும்பினால் பிரிவுக்கு அப்பால் வலது சப்கிளேவியன். இடது கரோட்டிட் தனியாக மழுங்கினால் அதன் வாயில். எல்லாக் குழாயிலும் ஒன்றுபோல மழுங்கிய அலை வந்தால் கழுத்தை விட்டுவிட்டு இதயத்துக்குப் போக வேண்டும். பெருந்தமனி வால்வு குறுகியிருக்கலாம்.

இந்த விதியும் சில நேரம் ஏமாற்றும். ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு இடது வெர்டிப்ரல் சப்கிளேவியனிலிருந்து பிரியாமல் நேரடியாக வளைவிலிருந்தே கிளம்பும். அவருக்கு இடது சப்கிளேவியன் வாய் அடைபட்டாலும் அந்த வெர்டிப்ரல் வழக்கம்போல மேல்நோக்கியே ஓடும்.

காரணத்தையும் யோசிக்க வேண்டும். இந்த வயதில், இந்தப் புகைப் பழக்கத்தில், கொழுப்புப் படிவுதான். இதே படம் முப்பது வயதுக்குக் கீழே ஒரு பெண்ணிடம் தென்பட்டிருந்தால் நான் முதலில் பொதுக் கரோட்டிட்டின் சுவரைப் பார்த்திருப்பேன். சுற்றிலும் ஒரே சீராகத் தடித்து, வெட்டிய மக்ரோனி போலத் தெரிந்தால் தகயாசு தமனி அழற்சி. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு 1908-ல் விவரித்த கண் குழாய் மாற்றங்களிலிருந்து வந்த பெயர். அங்கே முதலில் வேண்டியது அழற்சியை அடக்கும் மருந்து.

இதயத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும். மார்பின் உள் தமனியும் சப்கிளேவியனிலிருந்துதான் பிரிகிறது. இடது பக்கத்துத் தமனியைத்தான் பெரும்பாலும் இதயத்தோடு இணைப்பார்கள். இடது சப்கிளேவியன் அடைபட்டால் கை இதயத்திடமிருந்தே ரத்தத்தை இழுக்கும். கையை அசைத்தால் நெஞ்சு வலிக்கும். இவருக்கு அந்த அறுவை நடக்கவில்லை.

பிறகு நடந்தது

சி.டி. ஆஞ்சியோவில் இடது சப்கிளேவியனின் தொடக்கத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளி, வெர்டிப்ரலுக்கு முன்னால், சுமார் 80 சதவீதக் குறுக்கம். அல்ட்ராசவுண்ட் சொன்ன இடமேதான். அறிகுறி இல்லாதவராக இருந்திருந்தால் மருந்தோடு நிறுத்தியிருப்போம். இவர் ஏணியில் ஏறிப் பிழைப்பவர். விழுந்தால் அடைப்பைவிட அதுதான் முதலில் கொல்லும். குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் வைக்க முடிவானது.

குழாயை விரித்தால் உதிரும் துணுக்குகள் வெர்டிப்ரல் வழியே மூளைக்குப் போய்விடாதா என்று அவருடைய மகள் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. 1980-களிலேயே டாப்ளர் வைத்துப் பார்த்தவர்கள் கவனித்தது இது: பலூனால் விரித்த உடனே வெர்டிப்ரல் ஓட்டம் மேல்நோக்கித் திரும்பிவிடுவதில்லை, பல விநாடிகள், சில சமயம் நிமிடங்கள்கூடக் கழித்தே திரும்புகிறது. ஆபத்தான அந்த நேரத்தில் ரத்தம் இன்னும் மூளையிலிருந்து கையை நோக்கியே போவதால், துணுக்குகளும் அந்தப் பக்கம் போய்விடுகின்றன.

மறுநாள் இடது கை 142/82, வலது கை 146/84. இடது வெர்டிப்ரல் முழுக்க மேல்நோக்கி. இடது கையில் மூன்று கட்ட அலை திரும்பியிருந்தது. ரத்தத் தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் இரண்டு மாத்திரைகள், கொழுப்புக்கு ஸ்டாட்டின், பிரஷருக்கு மாத்திரை, புகையை விட உதவி.

ஒரு மாதம் கழித்து மறுபடி தலைசுற்றல் என்று வந்தார். ஸ்டென்ட் அடைபட்டுவிட்டதோ என்று ப்ரோபை எடுத்தேன். ஓட்டம் சுத்தமாக இருந்தது. இந்த முறை கையைத் தூக்கும்போது வரவில்லை, படுக்கையிலிருந்து எழும்போது வந்தது. படுத்து அளந்தால் 128, எழுந்து நின்றதும் 102. இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்த அழுத்தத்தை நாங்கள் ஆர்வத்தில் கொஞ்சம் வேகமாகவே இறக்கிவிட்டோம். மாத்திரையின் அளவைக் குறைத்ததும் அதுவும் நின்றது.

ஆறாம் மாத ஸ்கேனில் ஸ்டென்டுக்குள் உச்ச வேகம் விநாடிக்கு 140 செ.மீ., வெர்டிப்ரல் மேல்நோக்கி, பட்டைச் சோதனைக்குப் பிறகும் மேல்நோக்கியே. பிரஷர் பார்க்க வந்த செவிலியரிடம் அவராகவே இரண்டு கையையும் நீட்டினார்.